விலக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தனை காலடி

கொக்குமடையிலிருந்து விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு நீள ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை. டாக்டர் சொக்கநாதன் பொறுப்புக்கு வந்து முதல் அறிவிப்பைச் சுவரில் ஒட்டிய அதே திங்கட்கிழமை. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மூத்தவள் தர்ஷிகாவுக்கு அப்போது எண்ணப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காலடியை எண்ணிக்கொண்டே நடப்பேன், அவள் நூறு வரைக்கும், மிச்சத்தை நான். எங்கள் வீட்டு வாசலிலிருந்து மெயின்ரோடு பிரிகிற விலக்கில் இருக்கிற ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது காலடி. வெயிலானாலும் மழையானாலும் அவ்வளவுதான். அந்தத் திங்கட்கிழமை மூவாயிரத்து எண்ணூற்று அறுபது வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பெயர் வேல்பாண்டி, குட்டியானை வண்டி வைத்துக் கத்திரிக்காய், வெண்டைக்காய் மார்க்கெட்டுக்கு ஏற்றுகிறவர். "ஆமா செல்வி, எனக்கும் ஒரு பாட்டு கூட ஓடுச்சு" என்றார். வழக்கமாக ஊரிலிருந்து விலக்குக்கு அவர் வண்டியில் ஒரே பாட்டுதான் ஓடும். அவ்வளவுதான் பேச்சு. நான் தண்ணி பாட்டிலை ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைத்தேன்.

அறிவிப்பு ஒட்ட ஒட்ட ரோடு வளர்ந்தது. சீட்டு காலை ஏழிலிருந்து எட்டு வரைதான் என்று ஒட்டினார், ஆயிரம் காலடி கூடியது. பழைய மாத்திரை அட்டையைக் காலியாகக் கொண்டுவந்து காட்டினால்தான் புது அட்டை என்றார், இன்னொரு ஆயிரம். ரத்தஅழுத்தக்காரர்கள் திங்கள், சர்க்கரைக்காரர்கள் செவ்வாய், இரண்டும் உள்ளவர்கள் இரண்டு நாளும் வரவேண்டும் என்றார், மற்றுமொரு ஆயிரம். பிசைந்த மாவை இழுத்தால் நீள்வதுபோல ரோடு சத்தமில்லாமல் நீண்டது, இரண்டு பக்கமும் கரிசல் காடும் உடைமரமும் யாரும் விதைக்காமலே முளைத்தன, கரண்டுக் கம்பங்கள் தள்ளித் தள்ளி நின்றுகொண்டன, கம்பி மட்டும் அறுந்துபோகாமல் தொய்யாமல் கூடவே வந்தது. தார்தான் பாவம். இருந்த தாரைத்தானே இழுக்க வேண்டும், அது இடியாப்பத் தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாகப் போனது, வண்டியும் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போக முடிந்தது.

இதில் ஒரு விசேஷம், போகும்போதுதான் தூரம். ஆஸ்பத்திரியிலிருந்து ஊரைப் பார்த்துத் திரும்பினால் பழைய இரண்டு கிலோமீட்டர்தான். பாதி வழியில் திரும்பினாலும் சரி, முக்கால் வழியில் திரும்பினாலும் சரி, கொஞ்ச தூரத்தில் ஊர் மடை கண்ணில் பட்டுவிடும். போக நாலரை மணி நேரம், வர அரைமணி நேரம் என்றால் மனுசர் என்ன செய்வார்கள்? திரும்பி வருகிறவர்கள்தான் கூடிப்போனார்கள். வீட்டுக்குப் போய்க் கஷாயம் குடித்துக்கொள்ளலாம் என்று திரும்பிய தலையாரி மாமாவுக்குக் காலில் இருந்த புண் முற்றி ஒரு விரலை எடுக்கும்படி ஆயிற்று.

ஆனாலும் ஊர் சும்மா இருக்குமா? பழகிக்கொண்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து சங்கிலி போட்டு அளந்து பார்த்து, "இந்த நிலம் படத்தில் இல்லை, படத்தில் இல்லாததை நான் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் போன மறுநாளே பிளாட் போடுகிறவர்கள் சிவப்புக் கொடிகளை நட்டுவிட்டார்கள். கீழத்தெருப் பையன் ஒருவனும் வடக்குத்தெருப் பெண் ஒருத்தியும் அவரவர் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனார்கள். இரண்டு அம்மாக்களுக்கும் இரண்டு வியாதியும் இருந்ததால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சேர்ந்து நடந்தார்கள். பத்தாவது கிலோமீட்டர் வந்தபோது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அன்னக்கொடி மதினி எட்டாவது கிலோமீட்டரில் ஒரு பந்தல் போட்டு, பாய்லரை வைத்து, டீக்கடையே திறந்துவிட்டாள். வீட்டுக்கு வர அவளுக்குக் கால்மணி நேரம், கடைக்குப் போக இரண்டு மணி நேரம்.

"என்ன மதினி, இப்படி நடுக்காட்டுல கடை?" என்று கேட்டேன்.

"நடுக்காடா? ஏ செல்வி, நீ எல்லாம் படிச்ச புள்ள. ரோட்டுல நாலு பேர் களைச்சு உக்காந்தா அது காடு இல்லட்டி, அது பஜாரு" என்றாள்.

ரோடோடு சேர்ந்து கிலோமீட்டர் கல்லும் முளைத்தது. மஞ்சளும் வெள்ளையும் பூசிய நல்ல கல். ஆனால் ஊர்ப் பெயரும் எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு அறிவிப்பு, கீழே டாக்டரின் வட்ட முத்திரை. முதலில் கண்டுபிடித்தது நான்தான். நூறு நாள் வேலைக்கு ஓடை வெட்டப் போன இடத்தில் பெண்களிடம் சொன்னேன், ஒரு தாளுக்கு ஆயிரம் காலடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று. உடனே அன்னக்கொடி மதினி, "அப்ப கிழிச்சிருவோம்" என்று போய், ஆள் பார்க்காத நேரம் மூன்று தாளைக் கிழித்து முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். ரோடு ஒரு சாண்கூடக் குறையவில்லை.

"தாளைக் கிழிச்சா? அது சாரோட வாயிலல்லா இருக்கு" என்றார் எஸ்தர் அக்கா. எங்கள் ஊருக்கான நர்ஸ் அவர். முன்பெல்லாம் காலையிலேயே ஊருக்குள் வந்து வீடு வீடாக எட்டிப் பார்ப்பார், ஐஸ் பெட்டியில் ஊசி மருந்தெல்லாம் கையோடு இருக்கும். இப்போது அவருக்கென்றே இரண்டு அறிவிப்பு. ஊருக்குப் போகுமுன் ஆஸ்பத்திரியில் கையெழுத்து, போய்விட்டு வந்து மறுபடி கையெழுத்து என்று ஒன்று. ஊசி மருந்து எதுவும் ஆஸ்பத்திரி பிரிட்ஜை விட்டு வெளியே போகக்கூடாது என்று இன்னொன்று. ஊரில் பத்து நிமிஷம் நின்றால், இரண்டாவது கையெழுத்துக்கு நாலரை மணி நேரம் நடக்க வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

டாக்டர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கை ராசியானவர், குழந்தை அழாமல் ஊசி போடுவார். அவருக்கு முன்னால் இருந்த டாக்டரம்மா காலத்தில் ஆஸ்பத்திரி கோயில் கொடை விழா மாதிரி இருக்கும், ஒரே இரைச்சல், யார் முதலில் யார் கடைசி என்று தெரியாது. இவர் ஒழுங்கு விரும்புகிறவர். ஒழுங்கு செய்ய ஒரு தாள், அந்தத் தாளை ஒழுங்காக நடத்த இன்னொரு தாள். கூட்டம் குறையக் குறைய அவர் முகம் மலர்ந்தது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர் வந்த இடத்தில் பதினாறு பேர் வந்தார்கள். "வரிசையே இல்லாத ஆஸ்பத்திரி" என்று மாவட்டக் கூட்டத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒருநாள் அவரைப் போய்ப் பார்த்தோம். போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது.

"சார், ரோடு நீளுது" என்றேன்.

அவர் போனை எடுத்து வரைபடத்தைக் காட்டினார். "இரண்டு கிலோமீட்டர்தானேம்மா காட்டுது? நடக்கிறது உடம்புக்கு நல்லது. அதுவும் நீங்க மாசமா இருக்கீங்க."

அவர் வீடு டவுனில். மெயின்ரோடு வழியாகக் காரில் வருவார், போவார். எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியதே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

ஆமாம், நான் அப்போது எட்டு மாதம். எனக்குக் கவலை முழுக்க அதுதான். தர்ஷிகா பிறந்தபோது வலி எடுத்து ஒரு மணி நேரத்தில் பிறந்துவிட்டாள், ஆனால் பிறந்த கையோடு ரத்தம் நிற்காமல் போய்விட்டது. டாக்டரம்மாதான் ஊசி போட்டு நிறுத்தினார். இரண்டாவதுக்கும் அப்படி ஆகலாம், ஊசி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று என் சிவப்புக் கர்ப்பிணி அட்டையில் எழுதியிருக்கிறது. ஊசியோ பிரிட்ஜில். பிரிட்ஜோ வண்டியில் போனாலும் மூன்று மணி நேரத்துக்கு அப்பால். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் விலக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றால் பத்தொன்பதாவது அறிவிப்பு: வலி வந்த பிறகே சேர்க்கப்படும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் இரண்டு மணி நேரம் இடித்தது.

நாள் நெருங்கிய நேரத்தில்தான் எங்கள் அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பதினொரு கர்ப்பிணிகள், சிறப்பு விருந்தினர் டாக்டர் சொக்கநாதன். எஸ்தர் அக்காதான் போய் அழைத்தார். அழைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "வர்றது கால்மணி நேரம். திரும்பிப் போகணும்லா, பாப்போம்."

டாக்டர் ஆஸ்பத்திரி ஜீப்பில் வந்து இறங்கினார். சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்று டிரைவர் யாரையோ மீட்டிங்குக்கு ஏற்றிப்போகக் கிளம்பிவிட்டார். மாலை போட்டோம், சந்தனம் பூசினோம், ஏழு வகைச் சோறு வைத்தோம். புளியோதரை நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வளையல் போட்டது கடைசியில். வலது கை முடிந்து இடது கையில் நாலாவது வளையல் ஏறும்போது இடுப்பில் சுளீர் என்றது. தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பிள்ளைக்குத் தேதி தெரியவா செய்யும்?

"அக்கா" என்றேன். எஸ்தர் அக்கா என் முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

வேல்பாண்டி குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் என்னை ஏற்றினார்கள். எஸ்தர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார், டாக்டர் கழுத்து மாலையோடு தாவி ஏறினார். "ரெண்டு கிலோமீட்டர், அஞ்சு நிமிஷம், பயப்படாதம்மா" என்றார். ஆளைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது.

அஞ்சு நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வண்டி குழியில் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போனது. பிளாட் கொடிகள் காற்றில் படபடத்தன.

"தம்பி, இது எந்த ரோடு? குறுக்கு வழியா?"

"நேர் வழிதான் சார்" என்றார் வேல்பாண்டி முன்னாலிருந்து. "நீங்க போட்ட ரோடு."

முதல் கல்லருகே வண்டி பள்ளத்தில் சிக்கி நின்றது. டாக்டர் இறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டிருக்கும்போதே கல்லைப் படித்திருக்கிறார், தள்ளுவதை நிறுத்திவிட்டார். 'சீட்டு காலை ஏழு முதல் எட்டு வரை மட்டும்.' கீழே அவருடைய முத்திரை. தொட்டுப் பார்த்தார். கல் உண்மையான கல்தான்.

"இது போல எத்தனை இருக்கு, சிஸ்டர்?"

"இருபத்தி ஒண்ணு, சார். அப்புறம் ஒரு குட்டி."

அவர் என் அட்டையை வாங்கிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மனுசருக்கு வேர்த்துவிட்டது. "அந்த ஊசி ஐஸ் பெட்டியில…" என்று ஆரம்பித்து, எஸ்தர் அக்கா தன்னையே பார்ப்பதைக் கண்டு பாதியில் நிறுத்தினார். பிறகு கல்லைப் பார்த்து, யாரோ பெரிய அதிகாரியிடம் பேசுவது போலப் பணிவாக, "சீட்டு எப்ப வந்தாலும் கொடுக்கலாம்" என்றார்.

கல் இல்லை. பாயை ஒரு நுனியில் பிடித்து இழுத்த மாதிரி ரோடு ஒரு இழுப்பு இழுத்தது, பள்ளத்திலிருந்த வண்டி தானாக மேலே வந்து நின்றது. வேல்பாண்டி, "ஏறுங்க சார், ஏறுங்க, அடுத்தது வருது!" என்று கத்தினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வலிக்கு நடுவில் நான் பார்த்தது, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்தர் அக்கா கல்லைப் படிப்பார், டாக்டர் வேண்டாம் என்பார், ரோடு சுருங்கும். மாத்திரை அட்டை காட்ட வேண்டாம், சுருங்கியது. அழுத்தமும் சர்க்கரையும் ஒரே நாளில் பார்க்கலாம், சுருங்கியது. நர்ஸுக்கு ஒரு கையெழுத்தும் வேண்டாம், ஊருக்கே நேராகப் போகலாம், மருந்தும் கையோடு போகலாம் என்றபோது எஸ்தர் அக்கா, "சார், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக் காதில் போட்டுக்கொண்டார். நான் கத்திய ஒரு கத்தில் மூன்று அறிவிப்பு ஒரே மூச்சில் போனது. எட்டாவது கிலோமீட்டரில் அன்னக்கொடி மதினி கையில் டம்ளரோடு வழியில் நின்றாள்.

"சார், வாங்க! உங்க புண்ணியத்துலதான் கடையே. ஒரு டீ குடிச்சிட்டு…"

"அம்மா, நகருங்க, பிரசவ கேஸ்!"

"நான் எங்க நகர? ரோடுல்லா நகருது!" என்றாள் மதினி. உண்மைதான். பந்தல், பாய்லர், பெஞ்சு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், எல்லாம் எங்களுக்கு முன்னால் சறுக்கிக்கொண்டு போனது. மதினி டீயைச் சிந்தவிடவில்லை.

பத்தொன்பதாவது கல்லில் டாக்டர் தானாகவே படித்தார். 'வலி வந்த பிறகே சேர்க்கப்படும்.' என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதனாலதான் நீ வீட்டில் இருந்தியா?" என்றார். தலையை ஆட்டினேன். அந்தக் கல்லுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அதன்மேல் போட்டார். மாலையோடு கல் போய்விட்டது.

கடைசியில் ஆஸ்பத்திரி கேட் தெரிந்தது. கேட்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குட்டிக் கல், முழங்கால் உயரம்கூட இல்லை. 'கை கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டும்.' எல்லாவற்றையும் அடித்துத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் "இதையும் எடுத்து…" என்று வாயைத் திறந்தார்.

"சார்!" என்று கத்தினேன். "அது இருக்கட்டும். அதுக்கு நான் நடந்தே வர்றேன்."

நடந்தேன். எஸ்தர் அக்கா ஒரு தோள், வேல்பாண்டி ஒரு தோள். அந்த வலியிலும் எண்ணினேன், பழக்கம் விடுமா? பன்னிரண்டு காலடி. டாக்டர் முன்னால் ஓடிப்போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்த ஏழாவது நிமிஷம் என் மகன் பிறந்தான். எழுதி வைத்தது போலவே ரத்தம் நிற்கவில்லை, ஊசி நாலு எட்டில் இருந்தது, போட்டார், நின்றது. டாக்டர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

திரும்பிப் பார்க்கும்போது ரோடு இரண்டு கிலோமீட்டராகத்தான் கிடந்தது. பிளாட் கொடிகள் மொத்தமும் ஆஸ்பத்திரி வாய்க்காலில் கட்சி மாநாடு மாதிரி குவிந்து கிடந்தன. நிலம் வாங்க முன்வந்தவர்கள் அதை விளம்பரப் படத்திலேயே பார்த்துக்கொண்டார்கள். அன்னக்கொடி மதினி கடை ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேர் எதிரே வந்து நின்றது. "நான் ஒரு அங்குலம் மாறல, ரோடு கொண்டாந்து விட்டா நான் என்ன செய்ய?" என்பாள் கேட்பவர்களிடம். நிச்சயமான கல்யாணம் நிச்சயமானபடியே நடந்தது. அந்தப் பெண் மட்டும், இப்போதெல்லாம் பேசவே நேரம் கிடைப்பதில்லை என்று குறைப்படுகிறாள்.

கூட்டம் திரும்ப வந்தது. வரிசை ஏன் வந்தது என்று மாவட்டத்திலிருந்து கேட்டார்களாம். ஆள் வந்தால்தான் சார் வரிசை வரும் என்று டாக்டர் பதில் எழுதினாராம். எஸ்தர் அக்கா சொன்னார். போட்ட சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை, அது பிரசவ அறையில் குழந்தை துடைக்கப் பயன்படுகிறது. ஒழுங்குக்கு அவர் இப்போது வேறு வழி வைத்திருக்கிறார். வாரத்தில் ஒருநாள் எஸ்தர் அக்காவோடு ஊருக்குள் வருகிறார், தலையாரி மாமாவின் காலைப் பார்க்கிறார், திரும்பும்போது ஜீப்பை அனுப்பிவிட்டு நடக்கிறார்.

நான் இன்னும் எண்ணுகிறேன். தர்ஷிகா இப்போது ஆயிரம் வரைக்கும் சொல்வாள், தம்பி என் இடுப்பில். இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு, கை கழுவுகிற பன்னிரண்டும் சேர்த்து. போன மாதம் தம்பிக்குத் தடுப்பூசி போடப் போனபோது இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது வந்தது. மறுபடி ஊருக்கு வந்து மறுபடி நடந்தேன். எண்பதுதான். நேரே டாக்டர் அறைக்குள் போனேன்.

"சார், எட்டு காலடி கூடியிருக்கு. என்ன ஒட்டினீங்க?"

"ஒண்ணும் ஒட்டலையேம்மா" என்றார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். நாலாக மடித்த தாள் ஒன்று உள்ளே இருந்தது. "இன்னைக்குக் காலையிலதான் எழுதினேன். இன்னும் யார்கிட்டயும் சொல்லக்கூட இல்ல."

"பையில இருந்தாலே நீளும்போல சார். நடந்து பாருங்க."

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என்கூடவே ஊர் வரைக்கும் வந்தார். எங்கள் வாசலில் ஒரு செம்பு தண்ணி குடித்தார். பிறகு திரும்பி, தாளைக் கண்ணெதிரே பிடித்துப் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியைப் பார்க்க நடந்தார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் தர்ஷிகாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். மடைப் பக்கம் போனதும் நின்றார். பேனாவை எடுத்து எதையோ அடித்தார். கொஞ்ச தூரம் போனார், மறுபடி நின்றார், மறுபடி அடித்தார். அப்புறம் நிற்கவில்லை.

மறுநாள் நாங்கள் நடந்து எண்ணினோம். இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது. அந்த எழுபத்திரண்டைவிட மூன்று குறைவு. தர்ஷிகா நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்றாள். இல்லை. புதுத் தாளோடு சேர்த்து வேறு எதையோ அவர் எடுத்திருக்கிறார். எதை என்று நான் கேட்கவில்லை. தம்பி இன்னும் இரண்டு மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிடுவான், அவனுக்கு மூன்று காலடி மிச்சம்.